கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் கணினி 2017-இல் வாங்கியது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க். நானும் தம்பியும் அதில்தான் விளையாடுகிறோம். எனக்குக் கார் பந்தயம். அவனுக்குப் புதிதாக வரும் கதை ஆட்டங்கள். திரையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம்) 60 என்றுதான் காட்டுகிறது. ஆனால் திடீரென்று அரை நொடி உறைந்து நின்று, பிறகு தாவுகிறது. சுதாரிப்பதற்குள் என் கார் சுவரில் மோதி நிற்கிறது. ஒரு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. நடுத்தரமான ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் அந்தப் பணம் முழுவதும் தீர்ந்துவிடும். முழுவதையும் கார்டில் போடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் 11-உம் ஏற மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. கார்டு வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறு கிராபிக்ஸ் கார்டின் கோளாறாகத் தெரியவில்லை.

கார்டு திணறினால் ஆட்டம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். காட்சி கனக்கக் கனக்க 60 என்பது 45 ஆகும், 35 ஆகும். காலில் கல்லைக் கட்டிவிட்டது போல எல்லாமே மந்தமாகும். அந்த மந்தம் படிப்படியாக வரும், படிப்படியாகப் போகும். உங்கள் ஆட்டமோ நன்றாக ஓடுகிறது, சட்டென்று நிற்கிறது, மறுபடி நன்றாக ஓடுகிறது. உள்ளே ஏதோ ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்காகக் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

எஃப்பிஎஸ் எண் இதைக் காட்டிக்கொடுக்காது. 60 எஃப்பிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 3600 பிரேம். நிமிடத்துக்கு ஒரு முறை அரை நொடி உறைந்தால் போவது 30 பிரேம். மிச்சம் 3570. சராசரி 59.5. எண்ணில் குறையே தெரியாது. உங்கள் கார் சுவரில் மோதுவது அந்தக் காணாமல் போன 30 பிரேமில்தான்.

காத்திருப்பது எதற்காக என்று பார்ப்போம். உங்களிடம் இருக்கும் 8 ஜிபி ரேமில் விண்டோசும் பின்னணியில் ஓடும் மற்றவையும் சேர்ந்து மூன்று ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். இணைய உலாவி திறந்திருந்தால் இன்னும் கூடும். மீதியில் இன்றைய ஆட்டம் ஒன்று அடங்காது. அடங்காததை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்பில் இறக்கி வைக்கும். ஆட்டம் கேட்கும்போது மறுபடி ஏற்றும். அது போதாதென்று, பந்தயப் பாதையின் அடுத்த வளைவு, ஓரத்துக் கட்டடம், அதன் சுவர்ச் சித்திரம் எல்லாமே அதே டிஸ்க்கிலிருந்துதான் வரவேண்டும்.

ஹார்டு டிஸ்க் சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய தகவல் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி. அதற்கு முன் தலை உரிய தடத்துக்கு நகர்ந்து நிற்க 8 அல்லது 9 மில்லி நொடி. ஆக, தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளில் ஒன்றை எடுக்கவே ஏறக்குறைய 13 மில்லி நொடி ஆகிவிடுகிறது. 60 எஃப்பிஎஸ் ஆட்டத்தில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரமே 16.7 மில்லி நொடிதான். இப்படி 40 துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்பட்டால் அரை நொடி முடிந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வந்திருக்கும் எஸ்எஸ்டி என்ற சிப் சேமிப்பகத்தில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். வழக்கமாக விளையாடும் பாதையில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஒரு முறை உறைந்து தாவியவுடன் ஆட்டத்தை நிறுத்திவைத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் கடந்த 60 நொடிகளின் வரைபடம் இருக்கும். நான் நினைப்பது சரியென்றால், உறைந்த அந்த இடத்தில் டிஸ்க்கின் கோடு நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதே இடத்தில் கிராபிக்ஸ் கார்டின் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். ரேமின் கோடு உச்சிக்குச் சற்றுக் கீழே நேர்க்கோடாகக் கிடக்கும். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்டுங்கள். கார்டு அந்த நேரத்தில் வேலையே இல்லாமல் சும்மா இருக்கிறது. இதைவிட மூன்று மடங்கு வேகமான கார்டை அங்கே வைத்தாலும் அதுவும் அதே அரை நொடி சும்மாதான் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. புதுக் கார்டு மாட்டியும் உறைதல் போகவில்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது இன்னமும் மனம் கனக்கிறது. அவர்களில் பலர் உங்களைப் போலவே சேர்த்து வைத்துச் செலவழித்தவர்கள். கார்டைத் திருப்பித் தர முடியாது, எஸ்எஸ்டி வாங்கக் கையில் பணமும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை. எட்டு ஆண்டு ஓடிய டிஸ்க்கை நம்பக்கூடாது. படங்கள், பாடக் குறிப்புகள், சேமித்த ஆட்டங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), ஒதுக்கக் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரு வரிகளிலும் பூஜ்ஜியத்துக்குப் பதில் வேறு எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறவும் செய்தால், உறைதலுக்கு ரேமைக்கூடக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது.

செலவில்லாத இன்னும் சிலவற்றையும் முடித்துவிடுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசு தட்டுங்கள். காற்றை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். பிராசசர் விசிறிக்கும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளம் போல ஒரு படலம் படிந்திருக்கும். மேலே ஊதினால் அது போகாது. விசிறியைக் கழற்றி எடுத்தால்தான் கண்ணுக்கே தெரியும். இத்தனை ஆண்டில், பிராசசரிலிருந்து அந்தத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். ஆனால் அதை இப்போது தொடவேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இனி வாங்க வேண்டியவை. முதலில் எஸ்எஸ்டி. உங்கள் போர்டில் பெரும்பாலும் எம்.2 என்ற செருகு இடம் ஒன்று இருக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை அதில் நேரடியாகச் செருகலாம். சில போர்டுகளில் அந்த இடத்தை நிரப்பினால், டிஸ்க்குகளை ஒயரால் இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. போர்டின் கையேட்டில் அதை எழுதியிருப்பார்கள். பெட்டியில் நொடிக்கு 7000 எம்பி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் போர்டில் தகவல் போகும் பாதை மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வகை, அதில் 3500 எம்பிக்குமேல் போகாது. உண்மையில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் ஆட்டம் திறப்பதில் சில நொடிகள் மிச்சமாகும், அவ்வளவே. ஆகவே வேகத்தைவிட இடத்தைப் பாருங்கள். இன்று 100 ஜிபியைத் தாண்டும் ஆட்டங்கள் சாதாரணம். 500 ஜிபி வாங்கினால் மூன்றாவது ஆட்டத்துக்கு அக்காவும் தம்பியும் சண்டை போடவேண்டியிருக்கும். முடிந்தால் 1 டிபி. பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் படம் பாட்டு வைத்துக்கொள்ள உள்ளேயே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் சில ஆட்டங்கள் எஸ்எஸ்டியைக் கட்டாயமாகவே கேட்கின்றன. 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்டு அப்படித்தான். சைபர்பங்க் 2077-உம் அதே ஆண்டு வந்த 2.0 பதிப்போடு ஹார்டு டிஸ்க்கைக் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

அடுத்து ரேம். இங்கே அளவு மட்டும் பிரச்சினை இல்லை. உங்களிடம் இருப்பது ஒரே ஸ்டிக் என்பது இரண்டாவது பிரச்சினை. பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றை அடைத்துவைத்திருக்கிறீர்கள். டிடிஆர்4 வகையில் 2400 வேக ரேம் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி கடத்தும். இரண்டு இருந்தால் 38.4. முதல் தலைமுறை ரைசனுக்கு இது மற்றவற்றைவிடக் கூடுதலாக உறைக்கும். அதன் உள்ளே இருக்கும் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதையின் வேகமே ரேமின் வேகத்தைப் பொறுத்தது.

பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால் இப்போதிருப்பதைப் போலவே இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிச் சேர்க்கலாம். என் விருப்பம் வேறு. 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக் கொண்ட ஜோடியாக வாங்கி, பழையதை விற்றுவிடுங்கள். பழையதையும் சேர்த்து மாட்டினால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். இதைச் செகண்ட் ஹேண்டாக வாங்கவும் தயங்கவேண்டாம். பழைய பாகங்களில் ரேம் அளவுக்கு நம்பகமானது வேறில்லை. மாட்டியதும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது கவனம். நான்கு இடங்கள் இருக்கும் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டு ஸ்டிக்கும் ஒரே வழியில் நெருக்கிக்கொள்ளும். பிறகு பயாசுக்குள் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். சில போர்டுகளில் டிஓசிபி என்று பெயர் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் 3200 என்று எழுதிய ரேமும் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். பழுதுபார்க்க வரும் கணினிகளில் இது இயக்கப்படாமலே பல ஆண்டு ஓடியவற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் இன்றைய பிராசசர் 3200-இல் தடுமாறினால் 2933-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். பிராசசர் மாறும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டுக்கும் உங்கள் பணத்தில் ஒரு பகுதிதான் போயிருக்கும். மீதியை எங்கே போடுவது என்பதைப் பேசுமுன், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்தில் அதைக் குறிப்பிடவே இல்லை. யாரும் குறிப்பிடுவதில்லை. மூடியைத் திறந்திருக்கும்போதே அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அநேகமாக முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அங்கே 25 என்று இருந்தால் 12-ஐ 25-ஆல் பெருக்குங்கள். 300 வாட். அந்தப் பெட்டியின் உண்மையான பலம் அவ்வளவுதான். 38 ஆம்பியருக்குமேல் இருந்தால் 450 வாட்டுக்குமேல் தேறும், அது நாணயமான சரக்கு. இன்றிருக்கும் ஜிடிஎக்ஸ் 1060 எடுப்பது 120 வாட், பிராசசர் 65 வாட் வகை. இதுவரை ஓடியது போல இன்னும் ஓடலாம். ஆனால் கார்டை மாற்றும் நாளில், பெயர் தெரியாத பழைய எஸ்எம்பிஎஸ்சை வைத்துக்கொண்டு மாற்றாதீர்கள். கார்டுக்கான எட்டு முள் மின் இணைப்பு இல்லையே என்று மோலெக்ஸ் என்ற பழைய வகை ஒயரிலிருந்து மாற்றும் அடாப்டரை யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். கருகி உருகிப்போன அத்தகைய இணைப்புகளைக் கையால் பிடுங்கியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம், செகண்ட் ஹேண்டும் வேண்டாம்.

இனி பிராசசர். இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. உங்கள் போர்டில் பிராசசரைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட் 2017-இல் வந்த முதல் ரைசனுக்கும் 2022-இல் வந்த ரைசன் 5 5600-க்கும் ஒன்றேதான். 2020-இல் ரைசன் 5000 வரிசை வந்தபோது பி350 போர்டுகளுக்கு அதை ரைசன் நிறுவனமான ஏஎம்டி அனுமதிக்கவில்லை. 2022-இல்தான் வழிவிட்டது. அதே காலத்து இன்டெல் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஏழாம் தலைமுறைக்கான போர்டில், சாக்கெட்டின் வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் எட்டாம் தலைமுறை பிராசசர் முறைப்படி ஓடாது. அவர்கள் அதே தலைமுறையின் கோர் ஐ7 ஒன்றைப் பழைய சந்தையில் தேடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் 1600-இலும் ஆறு கோர் (கணக்கிடும் அலகு), 5600-இலும் ஆறு கோர். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்சிலிருந்து 4.4 ஆகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலையும் கூடியிருக்கிறது. உள்ளிருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32 எம்பி ஆகிறது. ஆட்டங்களுக்கு இந்தக் கேஷ்தான் உயிர். 5500 என்று சற்று விலை குறைந்த ஒன்று இருக்கும். அதில் கேஷ் 16 எம்பிதான். விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600-ஐ எடுங்கள். ரைசன் 5 3600 பழையதாக நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவும் கெட்ட பேரம் இல்லை.

விண்டோஸ் 11 மறுப்பதற்கும் இந்தப் பிராசசர்தான் காரணம். முதல் தலைமுறை ரைசன் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை. 3600-உம் 5600-உம் இருக்கின்றன. மாற்றியபின், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம் என்பதைப் பயாசில் இயக்கினால் பாதை திறந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பிராசசரை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதில்லை. எஸ்எஸ்டியில் விண்டோசைப் புதிதாக நிறுவும்போதே யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் நிறுவிக்கொள்ளுங்கள், பின்னால் வேலை மிச்சம்.

மாற்றும் முறையில் வரிசை மிக முக்கியம். முதலில் போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாசைப் புதுப்பிக்கவேண்டும். புதியதை மாட்டிவிட்டால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது, திரையில் ஒன்றும் வராது. பழைய பயாசிலிருந்து ஒரேயடியாகக் கடைசிக்குத் தாவக்கூடாத போர்டுகளும் உண்டு. நடுவில் எந்தப் பதிப்பில் இறங்கி ஏறவேண்டும் என்று குறிப்பில் எழுதியிருப்பார்கள், வரி விடாமல் படியுங்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கட்டும். கணினி யுபிஎஸ்சில் இருக்கட்டும். பாதியில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும்.

அடுத்து, பழைய பிராசசரை எடுப்பது. நான் தெர்மல் பேஸ்ட்டைத் தொடவேண்டாம் என்று சொன்னதன் காரணம் இங்கே. ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 முட்கள் இருக்கின்றன. பக்கத்து நெம்புகோல் பூட்டியிருந்தாலும், காய்ந்த பேஸ்ட் அந்தப் பூட்டைவிடப் பலமாகப் பிடிக்கும். கூலரை (விசிறியும் உலோகத் தகடுகளும் சேர்ந்த அமைப்பு) நேராக மேலே இழுத்தால் பிராசசரும் அதோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்த ஒன்றின் மூலையில் ஏழு முட்கள் கோரைப்புல் போலச் சாய்ந்திருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே, மெக்கானிக்கல் பென்சிலின் காலி முனையை ஒவ்வொரு முள்ளிலும் நுழைத்து நிமிர்த்த எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. எல்லா முட்களும் அப்படி நிமிர்ந்து கொடுக்காது, ஒடிந்தும் போகும். ஆகவே கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஏதாவதோர் ஆட்டத்தை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, உடனே ஸ்குரூக்களைத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு நகர்வது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் தூக்கவேண்டும். ஸ்குரூ நான்கும் வெளியே வந்ததும் போர்டின் பின்புறத் தகடு நழுவி விழும். தம்பியைப் பின்னால் கை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5600-உம் 65 வாட் வகைதான். அதோடு வரும் கூலரைவிட உங்கள் 1600-உடன் வந்த கூலர் பெரிது. பழையது பழுதில்லாமல் இருந்தால் சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் தடவி அதையே மாட்டுங்கள். முதல் முறை இயக்கும்போது திரை இரண்டு மூன்று நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமோடு பழகிக்கொள்கிறது, பதறி அணைத்துவிடாதீர்கள்.

இப்போது தம்பியின் பக்கம். அவர் ஆசைப்படும் ஆட்டங்களுக்கு ஜிடிஎக்ஸ் 1060 போதாது என்பது உண்மை. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம் தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள் ஒளிக்கதிர் போகும் தடத்தைக் (ரே டிரேசிங்) கணக்கிடும் வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடும், அது ஜிடிஎக்ஸ் 1060-இல் கிடையாது. புதிய ஆட்டங்களுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தத் தலைமுறைக்கு வெளியிடுவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முறை கடைசியில் வருகிறது, அதுவும் பழைய சந்தையிலிருந்து.

உங்கள் திரை 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 தாராளம். 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஓர் எட்டு முள் இணைப்பு. ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வகை கிடைத்தால் அதுவும் நன்று, 170 வாட் கேட்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்பதை மட்டும் தொடாதீர்கள். பெயர் பக்கத்தில் இருந்தாலும் அது நான்கு பிசிஐஇ பாதை மட்டுமே கொண்ட கார்டு. பெரும்பாலானவை 4 ஜிபி நினைவகத்தோடு வந்தவை. உங்கள் போர்டின் மூன்றாம் தலைமுறைப் பாதையில் அது மேலும் மூச்சுத் திணறும். இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவை, ஆனால் அவை புதிய பிராசசரையும் ரீசைசபிள் பார் என்ற வசதியையும் எதிர்பார்ப்பவை. உங்கள் கணினிக்கு வேண்டாம்.

பழைய கார்டு வாங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை, பார்த்து வாங்கவேண்டும். விற்பவரின் கணினியிலேயே அரை மணி நேரம் ஆட்டம் ஓடுவதைப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதாது. வெப்பம் ஏறியபிறகுதான் கோளாறுகள் வெளியே வரும். திரையில் புள்ளிகள் மினுங்குகின்றனவா, விசிறி ஒன்றாவது நடுங்கிச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுபவற்றில் 2304 கோருக்குப் பதில் 2048 மட்டுமே இருப்பவை உண்டு, அவை உண்மையில் 570-க்குச் சமம். பயாசை மாற்றி எழுதிப் பழைய கார்டுக்குப் புதிய பெயர் சூட்டியவற்றையும் அந்த மென்பொருள் பல நேரம் காட்டிக்கொடுக்கும். கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் (மின்னணு நாணயம் ஈட்டும் கணக்கீட்டில்) ஓடிய கார்டு என்றாலே விலகி ஓடவேண்டியதில்லை. விசிறியும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று யாராவது சொல்லலாம். புதிய பிராசசர் என்றால் புதிய போர்டு, டிடிஆர்5 ரேம். உங்கள் தொகை அங்கேயே தீர்ந்து, பழைய 1060-ஐத்தான் மறுபடி மாட்டுவீர்கள். இன்னும் மூன்று நான்கு ஆண்டுக்கு இந்தப் போர்டில் உயிர் இருக்கிறது.

பிராசசரா கார்டா, எது முதலில் என்று மட்டும் நான் இங்கிருந்து சொல்லமாட்டேன். அதை உங்கள் கணினியே சொல்லும். எஸ்எஸ்டியும் ரேமும் மாட்டியபின் ஒரு வாரம் விளையாடுங்கள். உறைதல் போயிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டு அளவைத் திரை மூலையில் வரவழையுங்கள். எஃப்பிஎஸ் வரம்பையும், எஃப்பிஎஸ்சைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க்கையும் அணைத்துவிட்டு, உங்கள் பந்தயத்தில் ஒரு முறையும் தம்பியின் ஆட்டத்தில் ஒரு முறையும் பாருங்கள். 97, 98 என்று நின்றால் கார்டுதான் முழு மூச்சில் உழைக்கிறது, அடுத்த செலவு அதற்கு. 60, 70-இல் தொங்கிக்கொண்டிருந்தால் பிராசசரால் கார்டுக்குப் போதிய வேலை கொடுக்க முடியவில்லை. காட்சித் தரத்தைக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் அது உறுதி. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 50 சதவீதம்தான் காட்டுகிறதே என்று குழம்பவேண்டாம். ஒரு கோர் நூறில் முட்டி நிற்க, மற்றவை சும்மா இருந்தாலும் அது அப்படித்தான் காட்டும்.

இரண்டு ஆட்டத்திலும் கிடைக்கும் எண்களையும், எஸ்எம்பிஎஸ் அட்டவணையில் உள்ள 12 வோல்ட் ஆம்பியரையும் குறித்து அனுப்புங்கள். மீதிப் பணத்தை எதில் போடுவது என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.